ஃபேன்டஸி ஆடுறவங்களையும் பெட் கட்டுறவங்களையும் ஒரே தட்டுல வைக்கலாமா?

நள்ளிரவு_மிட்ஃபீல்டர் | சனி, இரவு 11:52

ரொம்ப நாளா மனசுல கெடந்த விஷயம், இன்னைக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

ஏழு வருஷமா ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடுறேன், நிஜ மேட்ச்ல ஆடுற பிளேயர்களை ஒரு பட்ஜெட்டுக்குள்ள பொறுக்கி நம்ம டீம் போடுவோம், அவங்க மேட்ச்ல ஆடுறதைப் பொறுத்து நமக்கு பாயிண்ட் வரும், பணம் கட்டாத இலவச லீக் தான். நடுவுல ஒரு வருஷம் பெட்டிங்கும் பண்ணிருக்கேன், சின்னச் சின்ன தொகை, பெரிய நஷ்டம்னு எதுவும் இல்ல, ஆனா நிறுத்திட்டேன். "ரெண்டும் ஒண்ணு தானே, குருட்டாம்போக்குல யார் நல்லா ஆடுவான்னு சொல்றது தானே"ன்னு தெரிஞ்சவங்க எல்லாரும் கேக்குறாங்க. எனக்கு ஒண்ணா தோணல, ஏன் தோணலன்னு அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லவும் வரல.

ஒரு மேட்ச் சொல்றேன். பிரீமியர் லீக்ல அன்னைக்கு கடைசி ஆட்டம், டேபிள்ல 13ஆவது இடத்துல இருந்த டீமும் 16ஆவது இடத்துல இருந்த டீமும். ரெண்டு டீமுக்கும் ரசிகனா இல்லாத எவனும் பத்து நிமிஷத்துக்கு மேல உக்காந்து பாக்க மாட்டான். ஆனா அந்த 16ஆவது இடத்து டீமோட லெஃப்ட் பேக், இடது ஓரத்துல தடுத்து ஆடுறவன், என் பதினஞ்சு பேர்ல ஒருத்தன், எல்லாரையும் எடுத்து முடிச்சு பட்ஜெட்ல மிச்சம் இருந்ததுக்கு கெடச்சவன். 0-0. கோல் வாங்கலன்னா அவனுக்கு க்ளீன் ஷீட் 4 பாயிண்ட். 80ஆவது நிமிஷத்துக்கு அப்புறம் நான் பந்தையே பாக்கல, அவனை மட்டும் தான் பாத்தேன். எதிர் டீம் புது விங்கரை இறக்கிட்டாங்க, அவன் கால்ல முழுத் தெம்போட ஓடி வர்றான், நம்மாளு ஒவ்வொரு தடவையும் ரெண்டடி பின்னால போய் உள்பக்கத்தை அடைச்சு அவனை கோட்டுப் பக்கமா தள்ளுறான், கிராஸ் வர்றப்ப கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிறான், கையில பட்டா பெனால்டி ஆயிடும்னு. விசில் அடிச்சதும் அங்கேயே முட்டி போட்டு உக்காந்துட்டான். இங்க நானும் அப்பத்தான் மூச்சு விட்டேன்.

அதே மேட்ச்ல "கோல் விழாது"ன்னு பணம் கட்டியிருந்தா அந்த லெஃப்ட் பேக் பேரு கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது. கடிகாரத்தைத் தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். பெட் கட்டுன அந்த ஒரு வருஷத்துல நான் பாத்த மேட்ச் எதுவுமே ஞாபகத்துல இல்ல, ஜெயிச்சது தோத்தது மட்டும் தான் ஞாபகம் இருக்கு. ஃபேன்டஸில தோத்த வாரம் கூட அப்படியே கண்ணுல நிக்குது. உங்களுக்கு எப்படி?

ஆட்ஸ்_கணக்கு | ஞாயிறு, காலை 7:10

நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா பெட்டிங் பக்கமும் ஒருத்தன் பேசணும்ல. பன்னெண்டு வருஷமா பண்றேன், நோட்டு போட்டு ஒவ்வொண்ணையும் எழுதி வைக்கிறவன் நான்.

பெட்டிங்ல இருக்குற ஈர்ப்பு "யார் ஜெயிப்பா"ங்கிறது கிடையாது நண்பா, அது வெளியில இருந்து பாக்குறவங்களுக்குத் தெரியுற ஆட்டம். உள்ள இருக்குற ஆட்டம் விலை. ஒரு டீம் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்புன்னு நான் நெனைக்கிறேன், ஆட்ஸ் 2.20 கெடைக்குதுன்னா, அதாவது 100 கட்டி ஜெயிச்சா கட்டுனதோட சேத்து 220 கைக்கு வரும்னா, கட்டுவேன், 1.80 தான்னா அதே டீம் ஜெயிக்கும்னு தோணுனாலும் தொட மாட்டேன். உலகமே ஒண்ணு சொல்லும்போது நம்ம கணக்கு வேற சொல்லுது, அது சரியா வருதா இல்லையான்னு ஆயிரம் பெட்டுக்கு அப்புறம் தெரியும், அந்தக் காத்திருப்பு ஒரு தனி சுகம். அதை சூதுன்னு ஒரே வார்த்தைல தள்ளிவிடுறது சரியில்ல.

அதே சமயம் கணக்கு யார் பக்கம் சாஞ்சிருக்குன்னு மறைக்கவும் மாட்டேன். சரிபாதி வாய்ப்பு உள்ள ஒரு விஷயத்துக்கு ரெண்டு பக்கமும் 1.91 குடுப்பாங்க. ஒருத்தன் இந்தப் பக்கம் 100, இன்னொருத்தன் அந்தப் பக்கம் 100 கட்டுறான், உள்ள வந்தது 200, ஜெயிச்சவனுக்குப் போறது 191, மிச்சம் 9 கம்பெனிக்கு, எவன் ஜெயிச்சாலும். நட்டம் இல்லாம நிக்கவே 100க்கு 52க்கு மேல சரியா சொல்லணும். இப்ப இதே மாதிரி நாலை ஒண்ணா கோத்து, நாலும் சரியா வந்தா தான் பணம்னு அக்யுமுலேட்டர் போடுறாங்கல்ல, நியாயமா 16 மடங்கு வரணும், 1.91ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்க, 13.3 தான் வரும். ஒரு பெட்டுல 4.5 சதவீதமா இருந்த வெட்டு இப்ப 17 சதவீதம். விளம்பரம் எல்லாம் எதுக்கு வருதுன்னு பாருங்க, அக்யுமுலேட்டருக்குத் தான் வரும்.

ஸ்கோர்புக் | ஞாயிறு, காலை 8:34

ரெண்டு பேரும் சொன்னதுக்கு நடுவுல கொஞ்சம் வரலாறு சேக்குறேன், ஏன்னா ஃபேன்டஸி எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா நள்ளிரவு கேக்குற கேள்விக்கு பாதி பதில் அங்கயே இருக்கு.

1962ல ஓக்லாண்ட் ரெய்டர்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல ஒரு பங்குதாரர், பில் விங்கென்பாக்னு பேரு, டீமோட நியூயார்க் போனப்ப ஹோட்டல் ரூம்ல ரெண்டு மூணு பேரோட உக்காந்து விதி எழுதுனாரு. அடுத்த வருஷம் எட்டு டீமோட அமெரிக்கன் ஃபுட்பால்ல முதல் ஃபேன்டஸி லீக் ஆரம்பிச்சுது. பேஸ்பால்ல 1980ல டேனியல் ஓக்ரென்ட்டும் அவர் நண்பர்களும் ஆரம்பிச்சாங்க, அவங்க கூடிப் பேசுற ரெஸ்டாரன்ட் பேரு லா ரொட்டிசெரி ஃபிரான்சேஸ், அதுலேர்ந்து தான் ரொட்டிசெரி லீக்னு பேரு. ஆளுக்கு இவ்வளவுன்னு ஒரு பட்ஜெட், அதை வெச்சு பிளேயர்களை ஏலம் எடுக்கணும். கம்ப்யூட்டர் கெடையாது, பேப்பர்ல வர்ற ஸ்கோர் விவரத்தைப் பாத்து கையால கூட்டணும்.

ஆரம்பிச்சவங்க யாருன்னு பாருங்க, பத்திரிகைக்காரங்க, எடிட்டருங்க, ஆட்டத்தை உயிரா நெனைச்சவங்க. அவங்களுக்கு வந்த ஆசை "ஒரு டீமை நாம நடத்தணும்"ங்கிறது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த லீக்கைத் தொடங்கின ஓக்ரென்ட் அதுல ஜெயிச்சதே இல்லையாம். ஆனாலும் விடாம ஆடுனாரு. பெட்டிங்ல ஜெயிக்கவே ஜெயிக்காத ஒருத்தர் ஆட்டத்து மேல அதே பாசத்தோட இருப்பாரான்னு யோசிச்சுப் பாருங்க.

கடைசி_ஓவர் | ஞாயிறு, காலை 9:02

எல்லாரும் சீசன் முழுக்க ஆடுற ஃபேன்டஸியைப் பத்தியே பேசுறீங்க. நான் ஆடுனது அன்னன்னைக்கு மேட்சுக்கு பணம் கட்டி ஆடுற ஃபேன்டஸி, கிரிக்கெட்ல. அது வேற உலகம், தயவு செஞ்சு ரெண்டையும் கலக்காதீங்க.

டாஸ் போட்டதும் ஆடுற பதினோரு பேர் யாருன்னு வரும், அதுக்கும் முதல் பந்துக்கும் நடுவுல அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் இருக்கே, கை நடுங்கும். எடுத்த ஆளு டீம்லயே இல்லன்னு தெரியும், ஒருத்தனை மாத்துனா கிரெடிட், அதாவது ஆப்ல ஒவ்வொரு பிளேயருக்கும் போட்டிருக்குற விலை, பத்தாம இன்னொருத்தனையும் மாத்தணும், கேப்டனுக்கு ரெண்டு மடங்கு பாயிண்ட் வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு, அந்த ரெண்டு பேரை மாத்தி மாத்தி ஒரே மேட்சுக்கு ஆறு ஏழு டீம் போடுவேன். கேப்டன் முதல் பந்துல அவுட். ராத்திரியே முடிஞ்சிரும். அடுத்த நாள் வேற மேட்ச், மறுபடியும் முதல்லேர்ந்து. எந்த பிளேயரும் என் மனசுல தங்கல, அவங்க எனக்கு கிரெடிட் நம்பர் தான்.

எதிர்ல ஆடுறது யாருன்னும் தெரியாது. அமெரிக்கால 2015 பேஸ்பால் சீசன் முதல் பாதியில தினசரி ஃபேன்டஸி தளங்கள்ல ஆடுறவங்களுக்கு வந்த லாபத்தைக் கணக்கெடுத்தாங்க, 91 சதவீத லாபம் வெறும் 1.3 சதவீத ஆளுங்க கிட்ட போயிருந்துச்சு. அவங்க எல்லாம் புரோகிராம் எழுதி நூத்துக்கணக்குல டீம் இறக்குறவங்க. நான் மொபைலை வெச்சுக்கிட்டு எனக்குப் பிடிச்ச பேட்ஸ்மேனை கேப்டன் ஆக்குனவன். கம்பெனியோட வெட்டும் பல இடத்துல 10 சதவீதம், அதுக்கு மேலயும். ஆட்ஸ் சொன்ன 4.5ஐ விட ஜாஸ்தி.

அதனால பேரு ஃபேன்டஸின்னு இருக்குறதால மட்டும் அது நல்லதுன்னு சொல்லாதீங்க.

நள்ளிரவு_மிட்ஃபீல்டர் | ஞாயிறு, காலை 9:40

> எந்த பிளேயரும் என் மனசுல தங்கல

இந்த வரியைப் படிச்சதும் தான் எனக்கே தெளிவாச்சு. கோடு ஃபேன்டஸிக்கும் பெட்டிங்குக்கும் நடுவுல இல்ல போல, நீண்ட நாள் வெச்சிருக்குறதுக்கும் ராத்திரியோட முடியுறதுக்கும் நடுவுல இருக்கு. ஆகஸ்ட்ல எடுத்த ஆளு செப்டம்பர்ல காயம் பட்டுப் போறான், வெச்சுக்குறதா விக்கிறதான்னு நாலு நாள் யோசிக்கிறேன், வித்துட்டு அப்புறம் அவன் விலை ஏறிட்டா திரும்ப வாங்க முடியாது, ஆளை இலவசமா மாத்துற வாய்ப்பு தீந்துபோச்சுன்னா 4 பாயிண்ட் கழியும். தப்பு பண்ணா அடுத்த வாரம் அதோட தான் வாழணும். பெட்டுல தப்பு பண்ணா இன்னொரு பெட் தான் இருக்கு.

அவே_மேட்ச் | ஞாயிறு, பகல் 12:15

நீண்ட நாளுங்கிறது சரி, ஆனா என்னைப் பொறுத்தவரை அதை விட முக்கியமானது கூட ஆடுறவங்க.

எங்க லீக்குல பத்து பேர். கூடப் படிச்சவங்க, இப்ப ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வேலை. வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு, அதுல பிறந்தநாள் வாழ்த்து தவிர வேற எதுவும் வராம செத்துக் கெடந்துச்சு. லீக் ஆரம்பிச்சப்புறம் ஒவ்வொரு வாரமும் டெட்லைன், முதல் மேட்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி. வெள்ளிக்கிழமை ராத்திரியிலேர்ந்தே ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேப்டன் யாருன்னு தூண்டி விடுவோம், யாரும் உண்மையைச் சொல்ல மாட்டோம். 2024-25ல லிவர்பூல் டீமோட முகமது சலா பிரீமியர் லீக் ஃபேன்டஸில 344 பாயிண்ட் எடுத்தாரு, அதுவரைக்கும் ஒரே சீசன்ல யாரும் அவ்வளவு எடுத்ததில்ல. எங்க பத்து பேர்ல ஒன்பது பேர் கிட்ட அவரு இருந்தாரு, ஒருத்தி மட்டும் பிடிவாதமா எடுக்கவே இல்ல. அவ வாரா வாரம் கீழ போறா, நாங்க வாரா வாரம் "இந்த வாரமாவது எடு"ன்னு கெஞ்சுறோம், "எல்லார் கிட்டயும் இருக்குறவனை வெச்சு நான் எப்படி மேல வருவேன்"னு அவ கேக்குறா. யோசிச்சா அதுவும் நியாயம் தான்.

அந்த வருஷம் அவளுக்கு வாழ்க்கையில பெரிய அடி ஒண்ணு விழுந்துச்சு, இங்க சொல்ல வேண்டாம். மூணு வாரம் யாரு போனையும் எடுக்கல. நாலாவது வாரம் டெட்லைனுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது குரூப்ல ஒரே ஒரு மெசேஜ், "சரி, எடுத்துட்டேன்". பத்து பேரும் அழுதுட்டோம்.

பெட்டிங்ல இது வராது, ஏன்னா பெட்டை யாரும் யாருக்கும் காட்டுறதில்ல. ஜெயிச்ச சீட்டை மட்டும் காட்டுவாங்க. நான் பெஞ்ச்ல உக்கார வெச்ச ஆளு ரெண்டு கோல் போட்டது எங்க குரூப்ல எல்லாருக்கும் தெரியும், அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

மௌன_கீப்பர் | ஞாயிறு, மாலை 4:48

இங்க படிக்க மட்டும் தான் வருவேன், எழுதினதில்ல. அவே_மேட்ச் சொன்ன "யாரும் யாருக்கும் காட்டுறதில்ல"ங்கிறதைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

நான் நாலு வருஷம் பெட் கட்டுனேன். எனக்குத் தெரிஞ்ச ஆட்டத்துல தான் ஆரம்பிச்சேன், ஃபுட்பால், காலேஜ் டீம்ல கோல்கீப்பரா ஆடுனவன், எனக்குத் தெரியும்னு ஒரு தைரியம். மொதல் மாசம் லாபம். அது தான் பிடிச்சு உள்ள இழுத்துச்சு. அப்புறம் விட்டதைப் பிடிக்கிறேன்னு கட்ட ஆரம்பிச்சேன். சனிக்கிழமை விட்டதை ஞாயித்துக்கிழமை பிடிக்கணும், ஞாயிறு விட்டதை ராத்திரியே பிடிக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபுட்பால் எங்க இருக்கும், டென்னிஸ் இருக்கும், எங்கயோ ஒரு நாட்டுல யாருமே உக்காந்து பாக்காத கோர்ட்ல ரெண்டு பேர் ஆடுவாங்க, அவங்க யாருன்னு தெரியாது, படம் கூட வராது, திரையில நம்பர் மட்டும் மாறும், 15-0, 30-0, அடுத்த பாயிண்ட் யாருக்கு. அந்த நம்பருக்கு நான் ஒரு மாச சம்பளத்தைக் கட்டியிருக்கேன், இருட்டுல, பக்கத்துல மனைவி தூங்குறாங்க, திரை வெளிச்சம் தெரியாம இருக்க போர்வைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு.

பணம் போனது ஒரு பக்கம். கடனைக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுட்டேன், மனைவி கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், ரெண்டு வருஷம் ஆச்சு நிறுத்தி. ஆனா ஆட்டம் போயிடுச்சு. இப்ப மேட்ச் போட்டா என் கண்ணு தானா ஆட்ஸ் போட ஆரம்பிக்குது, கார்னர் கெடைச்சா "இத்தனை நிமிஷத்துக்குள்ள அடுத்த கார்னர்"னு ஓடுது. கீப்பர் எங்க நிக்கிறான்னு பாக்கத் தோணல. சின்ன வயசுல நான் முதல்ல பாக்குறது அது தான்.

அதனால உங்க எல்லாரையும் கேக்குறேன். என்ன மாதிரி ஒருத்தன் இலவச ஃபேன்டஸி ஆடலாமா? அது எனக்கு ஆட்டத்தைத் திருப்பிக் குடுக்குமா, இல்ல மறுபடியும் அதே கிணத்துல தள்ளிவிடுமா?

ஆட்ஸ்_கணக்கு | ஞாயிறு, மாலை 5:30

கீப்பர், நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன்.

காலைல நான் எழுதினது எனக்கு உண்மை தான், ஆனா அதுல ஒண்ணை விட்டுட்டேன். கணக்கு போட்டு கட்டுறவன் தொடர்ந்து ஜெயிச்சா கம்பெனிங்க அவன் கட்டக்கூடிய தொகையைக் குறைச்சிருவாங்க, எனக்கே ரெண்டு இடத்துல நடந்திருக்கு, சில்லறைக்கு மேல கட்ட விட மாட்டாங்க. தோக்குறவனுக்கு அந்த வரம்பு வராது, அவனுக்கு போனஸ் வரும், இலவச பெட் வரும், "உங்களைப் பாத்து ரொம்ப நாள் ஆச்சு"ன்னு மெசேஜ் வரும். நான் பேசுன அந்த விலை ஆட்டத்தை ஆட அவங்க விரும்புறது இல்ல. ராத்திரி ரெண்டு மணி டென்னிஸ் ஆடுறவங்க தான் அவங்களுக்கு வேணும்.

உங்க கேள்விக்கு என் பதில், ஆப்ல ஆடாதீங்க. விளையாட்டு ஆப், ஸ்கோர் ஆப் எதைத் திறந்தாலும் எங்கயாவது ஒரு மூலையில ஆட்ஸ் நிக்கும். உங்க கண்ணு நேரா அங்க தான் போகும்.

ஸ்கோர்புக் | ஞாயிறு, மாலை 6:05

சட்டமும் இந்த எடத்துல தடுமாறித்தான் நிக்குது. அமெரிக்கால 2006ல வந்த இணைய சூதாட்டச் சட்டம் ஃபேன்டஸிக்கு விலக்கு குடுத்துச்சு, பரிசு முன்னாடியே அறிவிச்சிருக்கணும், திறமை தெரியணும், ஒரே டீமோட ஸ்கோரையோ ஒரே பிளேயரோட ஆட்டத்தையோ மட்டும் வெச்சு முடிவு வரக்கூடாதுன்னு நிபந்தனை. அந்தக் கதவு வழியா தான் தினசரி ஃபேன்டஸி கம்பெனிங்க உள்ள வந்தாங்க, ஃபேன்டூயல் 2009, டிராஃப்ட்கிங்ஸ் 2012. 2018ல அவங்க சுப்ரீம் கோர்ட் பெட்டிங் தடையை ரத்து பண்ணுச்சு, பண்ணுன கையோட அதே ரெண்டு கம்பெனியும் பெட்டிங்ல இறங்கி இப்ப அங்க பெரிய பெட்டிங் கம்பெனிங்களா நிக்குது. ஒரே வாடிக்கையாளர், ஒரே அக்கவுண்ட். இந்தியால 2025ல வந்த சட்டம் நேர்மாறா, திறமையா அதிர்ஷ்டமான்னு பாக்காம, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் மூடிருச்சு. பணம் இல்லாத லீக்கை அது தொடல.

திறமைங்கிற வாதத்தைப் பத்தியும் சொல்லணும். அமெரிக்கால எம்ஐடி பல்கலைக்கழகத்துல அனெட் ஹோசோய் குழு 2018ல ஃபேன்டூயல் டேட்டாவை வெச்சு ஒரு ஆய்வு போட்டாங்க, தினசரி ஃபேன்டஸில அதிர்ஷ்டத்தை விட திறமைக்குப் பங்கு ஜாஸ்தின்னு வந்துச்சு. கம்பெனிங்களுக்கு அது நல்ல செய்தி. ஆனா கடைசி_ஓவர் மாதிரி ஆளுக்கு? திறமை ஜாஸ்தின்னா திறமைசாலி கிட்ட புதுசா வர்றவன் பணம் நிச்சயமா போகும்னு தானே அர்த்தம்.

கடைசி_ஓவர் | ஞாயிறு, மாலை 6:22

ஆமா. அந்த "திறமை"ங்கிற வார்த்தையே என்னை ரெண்டு வருஷம் உக்கார வெச்சுச்சு. நாமளே தேர்ந்தெடுத்தோம்னா அது நம்ம கையில இருக்குற மாதிரி ஒரு நெனைப்பு வந்துரும். 1975ல எல்லென் லாங்கர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் லாட்டரி வெச்சு இதை சோதிச்சுப் பாத்தாங்க, ஃபுட்பால் பிளேயர் படம் போட்ட அட்டை தான் சீட்டு. பாதிப் பேருக்கு சீட்டை எடுத்துக் குடுத்தாங்க, மீதிப் பேரை அவங்களே தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. அப்புறம் "இதை வித்துருவீங்களா, எவ்வளவு வேணும்"னு கேட்டா, தானே எடுத்தவங்க பல மடங்கு ஜாஸ்தி கேட்டாங்க. குலுக்கல்ல எல்லா சீட்டும் ஒண்ணு தான்.

நான் ஆறு டீம் போட்டப்ப ஆறுமே நான் செதுக்குனதுன்னு ஒரு பெருமை இருந்துச்சு, அதை எப்படி மறுக்க முடியும். பணம் இல்லாத எடத்துல அதே பெருமை அழகு தான், அவே_மேட்ச் தோழி மாதிரி. பணம் வந்ததும் அதையே அவங்க விலை போட்டு விக்கிறாங்க.

அவே_மேட்ச் | ஞாயிறு, மாலை 7:11

கீப்பருக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துக் குறையையும் ஒண்ணு ஒத்துக்கணும்னு நெனைக்கிறேன், இல்லன்னா ஃபேன்டஸி ஏதோ கோயில் மாதிரி ஆயிடும். ஒரு தடவை முதல் இடத்துல இருந்தவளோட கேப்டன் தொடையைப் பிடிச்சுக்கிட்டு கீழ விழுந்தான், என் வாய்லேர்ந்து "அப்பாடா"ன்னு வந்துருச்சு. ஒரு மனுஷன் வலியில கெடக்குறான். ரீப்ளேல அவன் முகத்தைப் பாத்ததும் எனக்கே அருவருப்பா ஆச்சு. பிளேயருங்க அக்கவுண்ட்ல போய் "என் பாயிண்டைக் கெடுத்துட்டே"ன்னு திட்டுறவங்கள்ல பெட் கட்டுறவங்களும் இருக்காங்க, ஃபேன்டஸி ஆடுறவங்களும் இருக்காங்க.

கீப்பர் அண்ணா, நீங்க ஆட்ஸ்_கணக்கு சொன்னதைக் கேளுங்க, ஆப் வேண்டாம். ஆனா ஆட்டத்தை விட்டுறாதீங்க.

நள்ளிரவு_மிட்ஃபீல்டர் | ஞாயிறு, இரவு 9:20

மத்தியானத்துலேர்ந்து இதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு யோசனை சொல்றேன் கீப்பர், பிடிச்சா பாருங்க, பிடிக்கலன்னா ஒண்ணுமில்ல.

நாம இங்கயே ஒரு லீக் போடலாம், ஆப் இல்லாம. 1980ல பண்ண மாதிரி. எட்டு பேர் போதும், டிராஃப்ட் முறை, ஒரு பிளேயர் ஒருத்தர் கிட்ட தான் இருக்கணும், வரிசையா எடுத்துக்கிட்டு வந்து கடைசி ஆளுக்கிட்டேர்ந்து திரும்பி மேல போகணும். பணம் கெடையாது, பரிசு கெடையாது. வாரம் ஒரு தடவை தான் பாயிண்ட், திங்கக்கிழமை ராத்திரி நான் உக்காந்து மேட்ச் ரிப்போர்ட்டைப் பாத்து கையால கூட்டி இந்த இழையிலயே போடுறேன். மேட்ச் நடக்கும்போது நம்பர் எதுவும் ஓடாது. நீங்க ஆட்டத்தைப் பாருங்க, கணக்கு என் தலைவலி.

வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, அவங்களுக்கு சரின்னு பட்டா மட்டும்.

ஸ்கோர்புக் | ஞாயிறு, இரவு 9:26

நான் வரேன். கூட்டுறதுல பாதி வேலை எனக்குக் குடுங்க.

ஆட்ஸ்_கணக்கு | ஞாயிறு, இரவு 9:41

நானும். இந்த லீக்கைப் பத்தி எந்த எடத்துலயும் ஆட்ஸ், சதவீதம் எதுவும் எழுத மாட்டேன்னு இப்பவே சொல்லிடுறேன். மத்தவங்களும் எழுதாதீங்க, கீப்பர் இந்த இழையைத் தான் படிக்கப் போறாரு.

மௌன_கீப்பர் | திங்கள், இரவு 10:03

நேத்து ராத்திரி மனைவி கிட்ட இழை முழுசையும் படிக்கக் குடுத்தேன். படிச்சு முடிச்சு ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் "திங்கக்கிழமை அவர் போடுற பாயிண்டை நானும் பாப்பேன், சரியா"ன்னு கேட்டாங்க. சரின்னேன். ஒரு வாரம் மனசு அந்தப் பக்கம் இழுத்தா கூட இங்க எழுதிட்டு நின்னுக்குவேன், அதுக்கு நீங்க யாரும் கோச்சுக்கக் கூடாது.

டிராஃப்ட்ல எனக்கு எத்தனாவது எடம்?

நள்ளிரவு_மிட்ஃபீல்டர் | திங்கள், இரவு 10:08

சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டேன், உங்களுக்கு ரெண்டாவது. முதல்ல அவே_மேட்ச், அவங்க ஸ்ட்ரைக்கரை எடுத்துட்டாங்க. உங்க முறை.

மௌன_கீப்பர் | திங்கள், இரவு 10:31

நான் கோல்கீப்பர் எடுக்குறேன். பேரை நள்ளிரவுக்கு அனுப்பிட்டேன்.

கடைசி_ஓவர் | திங்கள், இரவு 10:33

முதல் ரவுண்டுலயா? கீப்பரை எல்லாரும் கடைசியில தானே எடுப்பாங்க அண்ணா, நல்ல மிட்ஃபீல்டர் எல்லாம் போயிருவாங்க.

மௌன_கீப்பர் | திங்கள், இரவு 10:40

தெரியும் தம்பி. சனிக்கிழமை அவன் எங்க நிக்கிறான்னு தொண்ணூறு நிமிஷமும் பாக்கணும்.

ஒண்ணு கேக்கணும், பெனால்டியைத் தடுத்தா எத்தனை பாயிண்ட்னு நம்ம விதியில இன்னும் எழுதலியே?

நள்ளிரவு_மிட்ஃபீல்டர் | திங்கள், இரவு 10:42

5. இப்ப எழுதிட்டேன்.